தவக்காலத்துப் பேய்க்கதைகள்

எனக்குக் கல்யாணமாகித் தொப்பம்பட்டியிலிருந்து திண்டுக்கல் நாகல் நகருக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு தை மாதத்தில். அடுத்த மாதமே என் கணவரை அலுவலகத்தில் பயிற்சி என்று சொல்லி ஒரு மாதத்துக்குச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். தவக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வீட்டில் அத்தை, மாமா, நான். அத்தை என்றால் மாமியார். மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் அவர் இன்னும் பணியில்தான் இருந்தார்.

கிளம்பும் முன் என் கணவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்து காட்டினார். உள்ளே பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சேர்த்த சித்திரக்கதைப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில், அந்துருண்டை வாசத்தோடு இருந்தன.

"போரடிச்சா எடுத்துப் படி. ஆனா எச்சி தொட்டுப் பக்கத்தத் திருப்பாத. மடிக்காத. சாப்பிடும்போது எடுக்காத. தலைக்கு வச்சுப் படுக்காத. யார் கேட்டாலும் குடுக்காத."

கல்யாணத் திருப்பலியில் சாமியார் என்னிடம் வாங்கிய வாக்குறுதிகூட இவ்வளவு நீளமில்லை. "உடம்பப் பாத்துக்க" என்றும் சொன்னதாக அவர் பிற்பாடு சாதித்தார். பஸ் கிளம்பிய சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம்.

அந்தப் பெட்டியில் பாதி, குதிரையில் வரும் அமெரிக்க வீரர்கள். "அசையாதே! துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நில்!" என்று அவர்கள் ஒற்றுப்பிழை இல்லாமல் பேசினார்கள். அவ்வளவு சுத்தமான தமிழை நான் அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் மட்டுமே கேட்டிருந்தேன். மீதிப் பாதி திகில் கதைகள். பனி கொட்டும் கோட்டை, வௌவால், சவப்பெட்டியிலிருந்து கோட்டு சூட்டோடு எழுந்து வரும் பிரபு. நூறு வருஷம் பெட்டிக்குள் கிடந்த ஆளின் காலணி மட்டும் பளபளவென்று இருந்தது. உள்ளே யார் பாலிஷ் போட்டுவிட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனேன். கோட்டைக்கதவு "கிறீச்ச்ச்" என்று ஒரு பக்கம் முழுக்கத் திறந்தது. திறந்து முடிப்பதற்குள் உள்ளே இருந்தவன் பின்வாசல் வழியாகத் தப்பித்திருக்கலாம். அவனுக்குத் தோன்றவில்லை.

படம் போட்ட புத்தகம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு வாரத்துக்குள் பெட்டி காலி. மாமாவிடம் போய் நின்றேன். முன்னறையில் அவருக்கு ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். கனமான அட்டை போட்ட நூல்கள், தங்க எழுத்து.

"மாமா, அதுல ஒண்ணு எடுத்துப் படிக்கட்டுங்களா?"

"தாராளமா எடும்மா. அறிவு வளரணும்னா நல்ல நூல்களப் படிக்கணும்," என்றவர் சாவியைத் தேடினார். அத்தையும் தேடினார். மேசை இழுப்பறை, மாதா சுரூப மாடம், அரிசி டின் எல்லாம் பார்த்தார்கள். சாவி தொலைந்து பல வருஷம் ஆகியிருந்தது. தொலைந்த விஷயமே நான் கேட்டபோதுதான் வெளிவந்தது. மாமா கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாக அந்தத் தங்க எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாளிதழை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகுதான் தெருமுனைக் கடைக்குப் போனேன். ஒரு பாய் அங்கே வாடகை நூலகம் நடத்தினார். முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷின், பின்பக்கச் சுவர் முழுக்க மாத நாவல்கள். குடும்ப நாவல்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பேய் நாவல்களை மட்டும் அட்டைப்படம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார்.

"பேய்க்கதை எதுங்க நல்லா இருக்கும்?" என்றேன்.

"நான் அதெல்லாம் படிக்கிறதில்லம்மா. அட்டையப் பாத்தாலே நமக்கு ஆகாது. திருப்பிக் குடுக்க வாராங்கல்ல, அவங்க மூஞ்சியப் பாத்து வச்சிருக்கேன். இந்தா, இது வாங்கிட்டுப் போனவரு மறுநாள் மூஞ்சியே சரியில்ல. ரொம்ப நல்ல புஸ்தகமா இருக்கும்."

அந்த விமர்சன முறையை விடச் சிறந்ததை நான் இன்றுவரை எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை.

எல்லா நாவல்களிலும் பேய்கள் மலையில்தான் வசித்தன. எஸ்டேட் பங்களா, மூடுபனி, பழுதாகி நிற்கும் கார், ராந்தல் விளக்கோடு வரும் காவல்காரக் கிழவன். "அந்த மேல் மாடி அறைக்கு மட்டும் போயிடாதீங்க" என்று அவன் சொல்வான். அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் போல எல்லாக் கதையிலும் அவன் ஒருவனே வந்தான். கதாநாயகி அவன் சொல்லி முடிப்பதற்குள் மாடிப்படியில் பாதி ஏறியிருப்பாள். சமவெளியில் ஒரு பேயும் இல்லை. திண்டுக்கல்லில் பேய் இல்லாததற்குக் காரணம் எனக்கு வந்த புதிதிலேயே புரிந்துவிட்டது. அப்போது நகராட்சிக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது கடவுளுக்கும் வால்வு திறப்பவருக்கும்தான் தெரியும். மாதக்கணக்கில் துவைக்காமல் வெள்ளைச் சேலையை வெள்ளையாக வைத்திருக்க இந்த ஊரில் எந்தப் பேயாலும் முடியாது. செத்த பிறகும் குடத்தோடு வரிசையில் நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அவை கொடைக்கானலுக்குக் குடிபெயர்ந்ததில் நியாயம் இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அத்தையும் மாமாவும் செத்த நேரம் கண்ணயரும்போதுதான் நான் படிப்பேன். பயப்படத்தான் முயற்சி செய்தேன். சிரிப்புதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சில இடங்களில் பொத்த முடியவில்லை. தனியாகச் சிரித்து அலுத்தபோது, பேய் பேசும் வசனங்களைப் பேயின் குரலிலேயே படித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக நடித்த அனுபவம் எனக்கு உண்டு. தொண்டையைக் கட்டையாக்கி, மூச்சை இழுத்து விட்டு:

"இது என் வீடு! இங்கிருந்து என்னை யாராலும் வெளியேற்ற முடியாது! வெளியேறப் போவது நீங்கள்தான்!"

நன்றாக வந்தது. இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து என் வாழ்க்கை மாறியது. குழாயில் தண்ணீர் வந்தபோது நான் குடத்தை எடுக்கப் போக, அத்தை பதறி வந்து, "நீ இரும்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். நான் வைத்த குழம்பில் உப்பு கூடிப்போன அன்று, அதுவரை அதைப் பற்றி ஒரு வேளை முழுக்கப் பேசக்கூடியவர், ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். முதல் தோசை எனக்கு வந்தது. கெட்டித் தயிர் எனக்கு வந்தது. நான் "ங்க" போட்டுப் பேசுவதைக் கிண்டல் செய்வது நின்றது. மாமா என்னைப் பார்த்ததும் நாளிதழை மடித்துவிட்டு எழுந்து நின்றார். சாயங்காலம் செபமாலை சொல்லும்போது மட்டும் இருவரும் என்னைப் பார்த்தபடியே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் போன் பூத்துக்குப் போய் என் அம்மாவிடம், "இங்க எல்லாரும் என்னைத் தாங்கறாங்கம்மா. தங்கமான மனுசங்க," என்று சொன்னேன். ராத்திரி கண்ணீர் மல்க நன்றி சொல்லி ஜெபித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முட்டாள்தனத்தின் அளவு வாசகருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் கணவரின் அக்கா, செம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர், இறங்கினார். அவரை மதினி என்று கூப்பிடுவேன். பின்னாலேயே வெள்ளைச் சேலை உடுத்தி, கையில் ஒரு பாட்டில் தீர்த்தத்தோடு ஒரு அம்மா இறங்கினார். செபக்கூட்டம் நடத்துகிறவர், பக்கத்து ஊர்களில் எல்லாம் பேர் பெற்றவர் என்று மதினி அறிமுகம் செய்தார். நான் காபி போடப் போனேன். "நீ எதையும் தொடாத, உக்காரு," என்றார் மதினி. அதற்குள் இன்னொரு ஆட்டோ. அதிலிருந்து இறங்கியது என் அம்மா. வியர்த்து விறுவிறுத்து, சேலை கசங்கி, பஸ்ஸில் அழுதுகொண்டே வந்த முகத்தோடு நின்றாள்.

"ஏம்மா, என்ன திடீர்னு?"

அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காதோரம் குனிந்து, "கண்ணு, உனக்குப் பேய் புடிச்சிருக்குதுன்னு சொல்லியுட்டாங்க," என்றாள்.

முன்னறையில் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி அலமாரிப் பக்கம் மாமா நின்றார். வெள்ளைச் சேலை அம்மா என் தலையில் கைவைத்துக் கண்ணை மூடி உரக்க ஜெபித்தார். அந்த ஊரில் குளிக்கவே யோசித்துச் செலவழித்த தண்ணீர் என்மேல் தாராளமாகத் தெளிக்கப்பட்டது. பிறகு விசாரணை.

"உன் பேரு என்ன? சொல்லு!"

என் பெயரைச் சொன்னேன்.

"அது இந்தப் பொண்ணு பேரு. உள்ள இருக்கியே, உன் பேரச் சொல்லு!"

"எனக்கு ஒரே பேருதானுங்க."

"எங்கருந்து வந்த?"

"தொப்பம்பட்டியிலிருந்துங்க."

மதினி கையைத் தட்டினார். "பாத்தீங்களா! நான் அன்னைக்கே சொன்னேன்ல? இங்க புடிச்சது இல்ல. அங்கருந்தே கூட வந்திருக்கு!"

அதுவரை மூலையில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, என்னங்க பேசறீங்க? நாங்க பீரோ குடுத்தோமுங்க, கட்டில் குடுத்தோமுங்க, கிரைண்டர் குடுத்தோமுங்க. பேய் குடுக்கலீங்க. நீங்க கேக்கவும் இல்லீங்க."

"சம்பந்தி, நீங்க செத்த சும்மா இருங்க," என்றார் அத்தை.

வெள்ளைச் சேலை அம்மா என் தலையை இன்னும் அழுத்தினார். "எதுக்காக இந்த வீட்டுக்கு வந்த?"

"கட்டிக்கிட்டு வந்தாங்க. வந்தனுங்க."

"எப்பப் போவ?"

இந்தக் கேள்வியைப் பேயிடம் கேட்டாரா, என்னிடம் கேட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பதிலுக்காக அத்தையும் மதினியும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்ததைப் பார்த்தேன். அந்த நொடியில்தான் எல்லாம் உறைத்தது. முதல் தோசை, கெட்டித் தயிர், தண்ணீர்க் குடம், எழுந்து நின்ற மாமா. யாரும் என்னைத் தாங்கவில்லை. எனக்குள் இருந்ததாக நினைத்த ஒருத்திக்குப் படையல் வைத்திருக்கிறார்கள். அழுதால் அதையும் பேய் அழுவதாகத்தான் எழுதிக்கொள்வார்கள் என்பதால் அழவில்லை. அந்த அம்மாவின் கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு எழுந்தேன்.

"என்ன பாத்து இப்படி முடிவு பண்ணுனீங்க, அத்தை?"

அத்தை மதினியின் பின்னால் போய் நின்றுகொண்டு சொன்னார். "நான் என் காதால கேட்டேன். மத்தியானம். நீ தனியாச் சிரிச்ச. அப்புறம் ஆம்பளக் கொரல்ல, இது என் வீடு, வெளிய போகப்போறது நீங்கதான்னு சொன்ன. ரெண்டு தடவ சொன்ன!"

நான் உள்ளே போய்ப் படுக்கையிலிருந்த புத்தகங்களை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து முன்னறை மேசையில் போட்டேன். பாய் கடை நாவல்கள், நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சித்திரக்கதை. நாவலைப் பிரித்து, அந்தப் பக்கத்தை எடுத்து, அதே குரலில் படித்துக் காட்டினேன். வெள்ளைச் சேலை அம்மா ஓரடி பின்னால் போனார். "இதே கொரலுதான்!" என்று அத்தை கத்தினார். மாமா மட்டும் அருகில் வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"அச்சுப் பிழை ஜாஸ்தி," என்றார்.

அறையில் நிம்மதிப் பெருமூச்சு எழும் என்று எதிர்பார்த்தேன். மருமகளுக்குப் பேய் இல்லை, கதை படித்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். என் அம்மா ஒருத்திதான் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மற்றவர்கள் முகத்தில் இருந்தது ஏமாற்றம். கஷ்டப்பட்டுச் செம்பட்டியிலிருந்து ஆள் கூட்டிவந்திருக்கிறார்கள், பேய் இல்லை என்றால் எப்படி?

முதலில் சுதாரித்தது அத்தைதான். "அப்ப நான் கண்ணசந்த நேரமெல்லாம் கதைப்புஸ்தகமா படிச்சுக்கிட்டிருந்த? தவக்காலத்துல?"

"ஆமாங்க."

"இம்புட்டு நாளும்?"

"ஆமாங்க, அத்தை."

"நான் தண்ணிக் குடத்தத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். இவ கதை படிச்சிருக்கா!"

பேய்க்குக் கொடுத்த மரியாதையை அந்த வீடு வாசகிக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. பேய் பிடித்தவள் பாவம், அவள் என்ன செய்வாள். கதை படிக்கிறவள் தெரிந்தே செய்கிறாள். வெள்ளைச் சேலை அம்மா தன் வருகையை வீணாக்காமல், இந்த மாதிரிப் புத்தகங்கள்தான் சாத்தானுக்கு வாசல், உடனே கொளுத்த வேண்டும் என்றார். வாடகைப் புத்தகம், பாய்க்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். கொளுத்துவதற்குப் பதிலாக, பாட்டிலில் மிச்சமிருந்த தீர்த்தத்தை மொத்தமாகப் புத்தகங்கள்மேல் கவிழ்த்துவிட்டார்.

போகும்போது அம்மா என் கையைப் பிடித்து, "ஊட்டுக்கு வந்துடறியா கண்ணு? கொஞ்ச நாளைக்கு?" என்றாள். போயிருக்கலாம். போனால் பேய்தான் ஓடிவிட்டது என்று தெருவுக்கே சொல்லிவிடுவார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு நாவல் பாதியில் நின்றிருந்தது என்பது இரண்டாவது காரணம். வரவில்லை என்று சொல்லி, ஈரப் புத்தகங்களை மொட்டைமாடியில் காயப்போட்டேன்.

மறுநாள் குழம்பில் உப்பு கம்மி என்று அத்தை சொன்னார். தண்ணீர் வந்தபோது குடம் என் பக்கம் நகர்த்தப்பட்டது. தோசை பழைய வரிசைக்குத் திரும்பியது. பாய் மட்டும் புத்தகங்கள் உப்பியிருப்பதைப் பார்த்து, "என்னம்மா, அழுதீங்களா? அப்ப இது அம்புட்டு நல்ல புஸ்தகம்," என்று அவற்றை முன்வரிசையில் எடுத்து வைத்தார்.

சில நாள் கழித்து அத்தையும் நானும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார்: "அந்த பங்களாக்காரி என்ன ஆனா? வீட்ட விட்டுப் போனாளா?"

கதையில் ஒரு மந்திரவாதி வந்து அவளைச் சீசாவுக்குள் அடைத்துப் பாழுங்கிணற்றில் வீசிவிடுவான். அத்தையிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"போகலீங்க அத்தை. மத்தவங்கதான் காலி பண்ணிட்டுப் போனாங்க."

அத்தை ஒரு பல்லை உரித்து முடித்தார். "அவ வீடுன்னா அவ எப்படிப் போவா?" என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் இந்த வீட்டுக்கு வேறு ஊரிலிருந்து வந்தவர்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றியது. அதற்காக அவர் குடத்தை மறுபடி தூக்கினார் என்று எண்ணிவிட வேண்டாம்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் என் கணவர் திரும்பி வந்தார். நடந்ததையெல்லாம் அவருடைய அம்மா ஒரு மாதிரியும் நான் ஒரு மாதிரியும் சொன்னோம். என்னை நாற்காலியில் உட்கார வைத்தது, தலையை அழுத்தியது, என் அம்மாவை அழவிட்டு வரவழைத்தது எல்லாவற்றையும் "சரி விடு, பெரியவங்க" என்ற முகத்தோடு கேட்டுக்கொண்டார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்தார். ஒரு சித்திரக்கதையின் அட்டை அலையலையாக நெளிந்து, குதிரை வீரனின் முகம் கரைந்து போயிருந்தது.

"இது யாரு பண்ணுனது?"

"தீர்த்தம் தெளிச்சாங்க."

அவர் முகம் சிவந்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். நேராக போன் பூத்துக்குப் போய்ச் செம்பட்டிக்கு போன் போட்டார். "உனக்கு அறிவிருக்கா? எந்தக் காலத்துல இருக்க? வீட்டுக்குள்ள யாரக் கேட்டு ஆளக் கூட்டிட்டு வந்த?" என்று தன் அக்காவை அவர் வாழ்நாளில் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். பூத்துக்கு வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மனைவிக்காக இப்படிச் சண்டை போடுகிற ஆம்பளை இந்தக் காலத்தில் உண்டா என்று பக்கத்து வீட்டம்மா என்னிடம் வந்து மெச்சினார். நான் மறுக்கவில்லை. மதினியும் அதற்குப் பிறகு என் விஷயத்தில் வாய் திறக்கவில்லை. கிடைத்த நியாயம் எந்த வழியில் வந்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் நியாயம் கிடைக்காது.

நான் படிப்பதை விடவில்லை. குரல் கொடுத்துப் படிப்பதை மட்டும் விட்டேன்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் கேபிள் டிவியில் பேய்த் தொடர்கள் வரத் தொடங்கின. அதே மாடி அறை, அதே காவல்காரக் கிழவன். சாயங்காலம் வேலையெல்லாம் முடித்துவிட்டு வீடே முன்னறையில் கூடியது. அத்தை தரையில், மாமா நாற்காலியில், ஊரிலிருந்து வந்தால் மதினியும். ஒரு பெரிய லீவுக்கு மதினி வந்திருந்தபோது, அந்த வெள்ளைச் சேலை அம்மாவும் ஊரில் ஏதோ செபக்கூட்டம் முடித்துவிட்டு எங்கள் வீட்டில் தங்கினார். தொடர் தொடங்கியதும் காபி டம்ளரோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். திரையில் ஒருத்தி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சுவரில் ஏறினாள். யாரும் தீர்த்தம் தேடவில்லை. பேய் ஏதோ சபதம் சொல்ல வாயைத் திறந்தபோது அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றான்னே வெளங்கல. சத்தத்தக் கூட்டி வையிம்மா," என்றார்.

கூட்டி வைத்தேன்.